7 பாயிண்டில் உடைந்த லைட் இட்டாலிக்: ஒரு கண்காட்சிக் கையேட்டின் நிகழ்வு ஆய்வு

96 பக்கக் கண்காட்சிக் கையேடு ஒன்று, அதே உள்ளடக்கத்தோடு இணையப் பக்கம் ஒன்று. தலைப்பு, மேற்கோள், படக்குறிப்பு ஆகியவற்றுக்கு இரண்டிலும் ஒரே செரிஃப் (கோட்டு முனையில் வரும் சிறு நீட்டல்) இல்லாத எழுத்துருக் குடும்பம். அதில் லைட் இட்டாலிக்தான், அதாவது மெல்லிய கோட்டுச் சாய்வெழுத்துதான், வடிவமைப்பின் முகம். பதிப்புத் துறையில் தனித்தனியாகப் பலமுறை நேரும் கோளாறுகளை ஒரே வேலைக்குள் வைத்துப் பார்க்கும் மாதிரி ஆய்வு இது. அளவுகளும் கணக்குகளும் எந்த வேலைக்கும் அப்படியே பொருந்தும்.

வடிவமைப்புக் குறிப்பில் இருந்தது இவ்வளவுதான். அத்தியாயத் தலைப்பு 36 பாயிண்ட் லைட் இட்டாலிக். மேற்கோள் 18 பாயிண்ட் லைட் இட்டாலிக். படக்குறிப்பு 7 பாயிண்ட் லைட் இட்டாலிக், 60 சதவீதக் கருப்பு. பக்கம் முழுக்கப் படம் வரும் இடங்களில் அதே 7 பாயிண்ட், படத்தின் மேல் வெள்ளையாக. இணையத்தில் படக்குறிப்பு 12 பிக்சல். உரை செரிஃப் எழுத்தில், அதில் சிக்கல் இல்லை.

அச்சாகி வந்ததும் தலைப்புகளையும் மேற்கோள்களையும் எல்லோரும் பாராட்டினார்கள். படக்குறிப்பைப் படிக்க முடியவில்லை. சில பக்கங்களில் எழுத்து புள்ளி புள்ளியாக உதிர்ந்திருந்தது. படத்தின் மேல் வந்த வெள்ளை எழுத்து பாதி காணாமல் போயிருந்தது. இணையப் பக்கத்தில் வேறு விதமான புகார்: "புத்தகத்தில் இருக்கும் எழுத்து இது இல்லையே."

முதலில் எழுத்தைப் பார்ப்போம்

லைட் இட்டாலிக் என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்பனையில் இருக்கின்றன. ஒன்று, நேர் எழுத்தை அப்படியே சாய்த்து, வளைவுகளைத் திருத்திய ஓப்ளிக். 1957-இல் வெளிவந்த அட்ரியன் ஃப்ருடிகரின் யூனிவர்ஸ் இந்த வகை. அதன் எண் முறையில் முதல் இலக்கம் தடிமனையும் இரண்டாவது இலக்கம் அகலம், சாய்வு ஆகியவற்றையும் சொல்லும். 45 லைட் என்றால் 46 அதன் சாய்வு. ஹெல்வெடிகா நொய்யேயும் இதே எண் முறையைப் பின்பற்றுகிறது.

மற்றொன்று, கையெழுத்தின் ஓட்டத்தை உள்ளே கொண்ட உண்மையான இட்டாலிக். 1928-இல் மோனோடைப் வெளியிட்ட கில் சான்ஸின் இட்டாலிக்கில் சின்ன ஏ மேல்கொக்கியை விட்டுவிட்டு வட்டமும் தண்டுமாக மாறிவிடும்; சின்ன பி-யின் (p) இடப்பக்கம் பேனா இழுத்த சிறு வால் நிற்கும். ஓபன் சான்ஸின் நேர் எழுத்தில் சின்ன ஜி-க்கு இரண்டு வளையங்கள். இட்டாலிக்கில் கீழ் வளையம் திறந்து ஒற்றை வளையத்தோடு வாலாகிறது.

எது நல்லது என்பது வேலையைப் பொறுத்தது. லைட் தடிமனில் ஓடும் உரைக்கு நடுவே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்ட ஓப்ளிக் போதாது. 10 முதல் 12 டிகிரிச் சாய்வு மட்டும் இருந்து வடிவம் மாறாவிட்டால், மெல்லிய எழுத்தில் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. வடிவமே மாறும் இட்டாலிக் அங்கே நிற்கும். தனியாக நிற்கும் தலைப்புக்கு ஓப்ளிக்கே சுத்தமாக இருக்கும்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. வடிவமைப்பாளர் வளைவுகளைக் கையால் திருத்தியிருப்பார். திருத்தாமல் மென்பொருளில் 12 டிகிரி சாய்த்தால் என்ன ஆகும் என்பதைச் சின்ன ஓ-வில் பார்க்கலாம். வளையத்தின் கோடு மேல் வலத்திலும் கீழ் இடத்திலும் சுமார் 11 சதவீதம் தடிக்கும். மேல் இடத்திலும் கீழ் வலத்திலும் சுமார் 10 சதவீதம் மெலியும். 60 அலகுக் கோடு (எழுத்தளவை 1000 பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் அலகு) ஓரிடத்தில் 67, இன்னோரிடத்தில் 54. தடித்த எழுத்தில் இது கொஞ்சம் மறையும். லைட்டின் அழகே கோடு ஒரே சீராக ஓடுவதில்தான் இருக்கிறது. அங்கே இந்த மேடுபள்ளம் பளிச்சென்று தெரியும், 36 பாயிண்டுக்கு மேல் போனால் வளையம் நசுங்கியதுபோல் ஆகிவிடும்.

0.145 மி.மீ.

கையேட்டின் கோளாறு முழுக்க இந்த ஒரு எண்ணில் அடங்குகிறது.

எழுத்துருவின் தடிமனைப் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு நிறுவனத்தின் லைட் இன்னொன்றின் எக்ஸ்ட்ரா லைட்டாக இருக்கும். அளப்பது எளிது: லைட் இட்டாலிக்கில் சின்ன எல் ஒன்றை 1000 பாயிண்டில் அடித்து அவுட்லைனாக மாற்றி, அடிக்கோட்டில் கிடக்கும் விளிம்பின் நீளத்தைப் பாயிண்டில் பார்க்க வேண்டும். அந்த எண்தான் 1000 அலகில் தண்டின் கிடைத் தடிமன். மென்பொருள் காட்டும் பெட்டி அகலத்தை எடுத்தால் சாய்வும் சேர்ந்துவிடும். பலர் சறுக்கும் இடம் இது. தண்டின் அடி சற்று வளைந்து முடியும் எழுத்துருவாக இருந்தால் பெரிய ஐ-யை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் தண்டு மட்டும்தான், ஆனால் பெரிய எழுத்துகள் வழக்கமாகச் சற்றுத் தடித்திருக்கும்.

இந்த எழுத்துருவில் 60 வந்தது. லைட்டுக்கு இது இயல்பான அளவு. அதே குடும்பத்தின் ரெகுலர் இட்டாலிக்கில் 88.

ஒரு பாயிண்ட் 0.3528 மி.மீ. ஆக, 7 பாயிண்ட் 2.469 மி.மீ. அதில் 1000-க்கு 60 என்றால் 0.148 மி.மீ. இது கிடையாக அளந்தது. தண்டு 12 டிகிரி சாய்ந்திருப்பதால் குறுக்கே அளந்தால் இன்னும் 2 சதவீதம் குறைந்து 0.145 மி.மீ. ஆகிறது.

இப்போது அச்சுப் பக்கம் வருவோம். 60 சதவீதக் கருப்பு என்பது கருப்பு மையை ஸ்கிரீன் போட்டுப் புள்ளிகளாக அடிப்பது. அங்குலத்துக்கு 175 வரி ஸ்கிரீனில் ஒரு கட்டத்தின் அகலம் 25.4-ஐ 175-ஆல் வகுத்தால் வரும்: 0.145 மி.மீ. எழுத்தின் தண்டும் ஸ்கிரீனின் கட்டமும் ஒரே அகலம். ஒரே ஒரு வரிசைப் புள்ளிகளை அடுக்கி ஒரு கோடு வரையச் சொல்லியிருக்கிறோம். அதுவும் கருப்பின் ஸ்கிரீன் கோணம் 45 டிகிரி, தண்டு நிற்பதோ செங்குத்திலிருந்து 12 டிகிரி சாய்வில். புள்ளிகள் தண்டின் வழியே போகாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. ஓரிடத்தில் வெள்ளை ஓட்டை தண்டின் நடுவில் விழும், அடுத்த இடத்தில் ஓரத்தைக் கடிக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் எல் என்ற எழுத்து ரம்பத்தின் பல்லைப்போல் தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் உதிர்வு மாறியதற்கும் காரணம் இதுதான்: எழுத்து ஸ்கிரீன் கட்டத்தின்மேல் எங்கே விழுகிறது என்பது ஒவ்வொரு வரியிலும் மாறும்.

ப்ரூஃபில், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரிப் பிரதியில், ஏன் பிடிபடவில்லை? இங்க்ஜெட் ப்ரூஃப் நிறத்தைச் சரிபார்ப்பதற்கானது. அது ஆஃப்செட்டின் 175 வரி ஸ்கிரீனைப் போடுவதில்லை. வேறு வகையில், மிக நுண்ணிய துளிகளாகத் தூவுகிறது. அதனால் சாம்பல் எழுத்து அதில் வழவழப்பாகவே வந்தது. சாம்பல் நிறச் சிறு எழுத்தைப் பொறுத்தவரை இங்க்ஜெட் ப்ரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில் அர்த்தமில்லை. கணக்கைப் போட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. எங்கள் அளவுகோல்: ஸ்கிரீன் போட்டு அடிக்கும் எழுத்தின் தண்டு குறைந்தது மூன்று கட்டம் அகலமாவது இருக்க வேண்டும். 175 வரியில் அது 0.44 மி.மீ. இந்த லைட் இட்டாலிக்கில் 21 பாயிண்டுக்குக் கீழே சாம்பல் கூடாது என்று பொருள்.

திருத்தம் இரண்டு வழியில் செய்யலாம். சாம்பல் தோற்றம் கட்டாயம் வேண்டுமென்றால் தனி சாம்பல் மையை ஐந்தாவது நிறமாக முழு அடர்த்தியில் அடிக்கலாம். அப்போது ஸ்கிரீனே கிடையாது, கோடு கூர்மையாக விழும். கூடுதல் பிளேட், கூடுதல் செலவு. மற்ற வழி, 100 சதவீதக் கருப்பில் அடிப்பது. மெல்லிய எழுத்து தானே சாம்பல்போல் தெரியும் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். லைட்டையும் போட்டு அதற்கு மேல் நிறத்தையும் குறைப்பது ஒரே வேலையை இரண்டு முறை செய்வது. கையேட்டுக்கு இரண்டாவது வழியைத் தேர்ந்து, கூடவே எழுத்தை 8 பாயிண்ட் ரெகுலர் இட்டாலிக் ஆக்கினால் தண்டு 0.24 மி.மீ. வருகிறது. பக்கத்தின் தோற்றம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே கறுத்தது.

நிறத்தை மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேர்டிலிருந்து வந்த உரையின் கருப்பு பெரும்பாலும் ஆர்ஜிபி கருப்பு, அதாவது திரையின் மூன்று ஒளி நிறங்களில் அமைந்த கருப்பு. அதை அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் நான்கு மையிலும் உடைந்து, மெல்லிய கோட்டின் இருபுறமும் நிற ஓரம் தெரியும். படக்குறிப்பு ஸ்டைலில் கருப்பு மட்டும் 100, மற்ற மூன்றும் 0, ஓவர்பிரிண்ட் (கீழுள்ள மையை அகற்றாமல் அதன்மேலேயே அடிப்பது) போட்டது என்று உறுதி செய்த பிறகு, பிடிஎஃபில் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். கருப்பை அணைத்ததும் எழுத்து முற்றிலும் மறைய வேண்டும்.

படத்தின் மேல் வெள்ளை

இது வேறு கோளாறு, காரணமும் வேறு. நான்கு நிறப் படத்தில் வெள்ளை எழுத்து என்றால் நான்கு பிளேட்டிலும் ஒரே இடத்தில் ஓட்டை விட வேண்டும். பிளேட்டுகளின் ரெஜிஸ்ட்ரேஷன் (ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) 0.1 மி.மீ. விலகினாலே 0.145 மி.மீ. ஓட்டையில் மிஞ்சுவது 0.045. அதையும் இருபக்கமும் பரவும் மை மூடிவிடும். எழுத்து பாதி காணாமல் போனது இப்படித்தான். விலகல் பக்கவாட்டில் இருந்தபோது தண்டுகள் போயின, கிடைக்கோடுகள் பிழைத்தன. அதனால் சின்ன டி-யும் (t) எஃப்-உம் குறுக்குக் கோடாக மட்டும் மிஞ்சின.

வெள்ளை எழுத்துக்கு லைட்டை 14 பாயிண்டுக்குக் கீழே கொண்டுவரவே கூடாது என்பது எங்கள் முடிவு. சிறிய அளவு தவிர்க்க முடியாதென்றால் செமிபோல்ட் இட்டாலிக் 8.5 பாயிண்ட், எழுத்திடைவெளி கூடுதலாக 15 அலகு. பின்னணி ஒரே மையில் இருந்தால் ரெஜிஸ்ட்ரேஷன் பிரச்சினை இல்லை. அங்கே ரெகுலர் போதும். மேல்பூச்சு இல்லாத தாளில் மை இன்னும் பரவும் என்பதால் வெள்ளை எழுத்துக்கு இன்னும் ஒரு படி தடிமன் ஏற்ற வேண்டும். அதே தாளில் கருப்பு எழுத்து சற்றுத் தடித்து விழுவதால் லைட் அங்கே பூச்சுத் தாளைவிட நன்றாகவே நிற்கும்.

எண்களும் அடைப்புக்குறியும்

படக்குறிப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் 11/17 போன்ற பதிவு எண் இருந்தது. செரிஃப் இல்லாத லைட் இட்டாலிக்கில் பெரிய ஐ, சின்ன எல் இரண்டும் சாய்ந்த வெறுங்கோடு. எண் 1-க்கு மேலே சிறு கொக்கி மட்டும் வித்தியாசம். சாய்கோடும் அவற்றோடு கிட்டத்தட்ட இணையாகவே நிற்கும். 7 பாயிண்டில் 11/17 என்பது நான்கு குச்சிகளும் ஒரு 7-உம். பதிவு எண்ணை மட்டும் நேர் ரெகுலருக்கு மாற்றினால் தீர்ந்தது. எண், அளவு, தொடர்பு விவரம் எதையும் லைட் இட்டாலிக்கில் வைக்காதிருப்பது நல்லது.

அடைப்புக்குறி இடிப்பதும் வழக்கமான தொல்லை. சாய்ந்த எஃப் எழுத்தின் தலை வலப்பக்கம் சுமார் 100 அலகு நீண்டு நிற்கும். அடுத்து நேர் அடைப்புக்குறி வந்தால் தலை அதில் முட்டும். எழுத்துருவுக்குள் இருக்கும் கெர்னிங் (எழுத்து இணைகளுக்கான இடைவெளித் திருத்தம்) இங்கே உதவாது, ஏனென்றால் இரண்டும் இரண்டு வேறு ஃபாண்ட் ஃபைல்கள். அடைப்புக்குறியையும் இட்டாலிக்கில் வைப்பது எளிய வழி. நேராகத்தான் வேண்டும் என்றால் 40 முதல் 60 அலகு கையால் விலக்கலாம்.

இணையத்தில் வந்தது லைட்டே இல்லை

"புத்தகத்தில் இருக்கும் எழுத்து இது இல்லை" என்ற புகார் சொல்லுக்குச் சொல் உண்மை. சின்ன ஏ-யைப் பார்த்தாலே தெரிந்தது: அச்சில் வட்டமும் தண்டும், திரையில் மேல்கொக்கியோடு சாய்ந்த ஏ.

இணையப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஃபாண்ட்-வெயிட் 300, ஃபாண்ட்-ஸ்டைல் இட்டாலிக் என்று சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். 300 என்பது லைட், 400 ரெகுலர், 700 போல்ட். ஏற்றியிருந்த ஃபைல்கள் 400 நேர், 700 நேர் இரண்டு மட்டும். 300 கேட்டு அது இல்லையென்றால் பிரவுசர் முதலில் அதற்குக் கீழே தேடும், அங்கும் இல்லாவிட்டால் மேலே ஏறி அருகில் உள்ளதை எடுக்கும். ஆக 400 வந்தது. இட்டாலிக்கும் இல்லாததால் அந்த 400-ஐத் தானே சாய்த்துக்கொண்டது. கோணம் சொல்லாத ஓப்ளிக்குக்கு விதிமுறை சொல்லும் அளவு 14 டிகிரி. பிழைச்செய்தி எதுவும் வராது.

விளைவு, படக்குறிப்பு புத்தகத்தைவிடத் தடிப்பாகத் தெரிந்தது. அதை மெலிதாக்க யாரோ நிறத்தை #999999 ஆக்கினார்கள். வெள்ளையில் அதன் வேறுபாட்டு விகிதம் 2.85:1, டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5:1. பிறகு சரியான லைட் இட்டாலிக் ஃபைல் ஏற்றப்பட்டது, நிறம் மட்டும் அப்படியே இருந்துவிட்டது. அப்போதுதான் படக்குறிப்பு உண்மையிலேயே காணாமல் போனது. 12 பிக்சலில் 60 அலகுத் தண்டு 0.72 பிக்சல். ஒரு முழு பிக்சலைக்கூட நிரப்பாத கோட்டைத் திரை சாம்பல் கலந்துதான் காட்டும். சாம்பல் நிறத்தை அதற்கு மேல் வைத்தால் கண்ணுக்குக் கிடைக்கும் வேறுபாடு ஏறக்குறைய 2:1. சாய்வு இதை இன்னும் கெடுக்கிறது. 12 டிகிரியில் ஏறத்தாழ 4.7 பிக்சல் உயரத்துக்கு ஒருமுறை தண்டு அடுத்த நெடுவரிசைக்குத் தாவும். தாவும் இடத்தில் 0.72 பிக்சலும் இரண்டு நெடுவரிசைகளுக்குப் பங்கிடப்பட்டு இரண்டும் வெளிறும். நேர் லைட்டில் தண்டு முழுதும் ஒரே நெடுவரிசையில் விழ வாய்ப்பாவது உண்டு.

டபிள்யூசிஏஜி விகிதம் நிறத்தை மட்டும் பார்க்கிறது, கோட்டின் தடிமனைப் பார்ப்பதில்லை. #767676 வெள்ளையில் 4.54:1 பெற்றுத் தேறிவிடும். லைட் இட்டாலிக்கில் அது தேறியதாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த வேலையில் 7:1 தரும் #595959-ஐ மேல் எல்லையாக வைத்தோம், அதைவிட வெளிறிய நிறம் எதற்கும் இல்லை.

சரிசெய்த வரிசை இது. முதலில் 300 இட்டாலிக், 400 இட்டாலிக் இரண்டு ஃபைல்களையும் தனித்தனி ஃபாண்ட்-ஃபேஸ் விதியாக, தடிமனும் ஸ்டைலும் குறிப்பிட்டு ஏற்றுவது. அடுத்து ஃபாண்ட்-சிந்தெசிஸ் நன் (font-synthesis: none) என்று போடுவது. இனி ஃபைல் தவறினால் பிரவுசர் போலியாகச் சாய்க்காமல் நேர் எழுத்தையே காட்டும், தவறு உடனே கண்ணில் படும். அதன் பிறகு நிறம். கடைசியாக அளவு: தலைப்பு 40 பிக்சலில் 300 இட்டாலிக், தண்டு 2.4 பிக்சல், மேற்கோள் 24 பிக்சலில் 300, படக்குறிப்பு 15 பிக்சலில் 400 இட்டாலிக். தண்டு ஒரு பிக்சலைத் தொடாத அளவில் லைட் இட்டாலிக் இல்லை என்பதே விதி. அடர்த்தி இரு மடங்கான திரையில் 12 பிக்சலும் ஒருவாறு தாக்குப்பிடிக்கும். எல்லா வாசகரிடமும் அது இருக்காது.

ஒரே ஃபைலுக்குள் தடிமனைப் படிப்படியாக மாற்றக்கூடிய வேரியபிள் ஃபாண்ட் கையில் இருந்தால் 300-க்கும் 400-க்கும் நடுவே 340, 350 என்று எடுக்கலாம். சாய்வு அச்சு (axis) இரண்டு வகை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்லாண்ட் அச்சு கோணத்தை மாற்றும், அதில் வலப்பக்கச் சாய்வுக்கு எதிர்மறை எண் கொடுக்க வேண்டும். இட்டாலிக் அச்சு 0 அல்லது 1 என்று வடிவத்தையே மாற்றும்.

பிடிஎஃபிலும் இதே சோதனையைச் செய்யலாம். ஆவணப் பண்புகளில் ஃபாண்ட் பட்டியலைத் திறந்தால் லைட்இட்டாலிக் என்ற பெயர் இருக்க வேண்டும். பக்கத்தில் சாய்வெழுத்து இருக்கிறது, பட்டியலில் லைட் மட்டும் இருக்கிறது என்றால் அது மென்பொருள் சாய்த்தது. வேர்டில் லைட்டைத் தேர்ந்து சாய்வுப் பட்டனை அழுத்தும்போது கணினியில் லைட் இட்டாலிக் நிறுவப்படாமல் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

தமிழ் வரிகள்

படக்குறிப்பில் தமிழும் லத்தீன் எழுத்தும் அடுத்தடுத்து வரும்போது இட்டாலிக் ஸ்டைலைப் பத்தி முழுக்கப் போட்டுவிடுவார்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் வரைந்த சாய்வு கிடையாது. பிரவுசர் தமிழையும் சாய்க்கும். 14 டிகிரியில் 700 அலகு உயரத்தில் இருக்கும் புள்ளி சுமார் 175 அலகு வலப்பக்கம் நகர்ந்து, அடுத்த எழுத்தின் தலையை நெருங்கி நிற்கும். கொம்பும் சுழியும் நிறைந்த வரியில் இது படிப்பதையே தடுக்கும். தமிழ் வரிக்கு மொழியைச் சொல்லும் லாங் (lang) குறியீடு கொடுத்து அதில் ஃபாண்ட்-ஸ்டைல் நார்மல் என்று திருப்பிவிட்டு, லத்தீனின் தண்டுக்கு நிகரான தடிமனைத் தேர்வது போதும். தடிமனைக் கண்ணால் ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் 300 என்று போட்டால் ஒரே மெலிவு வரும் என்று நம்ப முடியாது. தமிழ் எழுத்தில் ஒரே அகலத்துக்குள் கோடுகள் அதிகம் என்பதால் அதே தண்டளவில் தமிழ் கறுத்துத் தெரியும்.

இருள் பின்னணிக்கு மாறும் வாசகருக்குத் தனி விதி எழுதப்பட்டது. ஒளிரும் திரையில் கருப்பின் மேல் வெள்ளை எழுத்து சற்றுத் தடித்தே தெரியும், அச்சில் நடப்பதற்கு நேர் எதிர். அதனால் அங்கே மேற்கோளுக்கு 300-ஐ அப்படியே விட்டு, படக்குறிப்பை (வேரியபிள் ஃபாண்ட் இருந்தால்) 400-இலிருந்து 360-க்கு இறக்கி, எழுத்து நிறத்தைத் தூய வெள்ளையிலிருந்து #E0E0E0-க்குக் கொண்டுவந்தோம்.